நூற்றிருபத்தைந்தையும் கேட்டவர்

ஐந்து தந்தி பேஸ் கிட்டாரில் பெரும்பாலும் இருபத்துநான்கு ஃபிரெட் இருக்கும். கழுத்தின் குறுக்கே பதித்த மெல்லிய உலோகக் கம்பியைத்தான் ஃபிரெட் என்கிறோம். விரல் வைக்காத திறந்த தந்தியையும் சேர்த்தால் ஒரு தந்திக்கு இருபத்தைந்து சுரம், ஐந்து தந்திக்கு நூற்றிருபத்தைந்து. பழைய பேஸ் வாங்கப் போகிறவர்கள் அதில் ஏழெட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், தெரிந்த பாட்டில் நான்கு வரி வாசிப்பார்கள், பிறகு மரத்தின் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் செய்து வந்தேன். அவர் நூற்றிருபத்தைந்தையும் கேட்பார்.

கேட்பார் என்றால், ஒவ்வொன்றும் முற்றாக அடங்கும்வரை. அம்ப்ளிஃபயரில் இணைக்கமாட்டார். கதிரையில் அமர்ந்து, கிட்டார் உடலில் கொம்பு போல நீளும் மேல் முனையில் காதை ஒட்டிவைத்து, ஒரு சுரத்தை மீட்டுவார். கண்ணை மூடமாட்டார். எதிர்ச் சுவரில் ஏதாவது ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒலி தேய்ந்து மறைந்த பிறகுதான் அடுத்தது. இடையில் வீட்டுக்காரர் பேசினால் முகம் சுளிக்கமாட்டார். அதே சுரத்தை மறுபடி மீட்டுவார். இரண்டாவது தடவைக்குப் பிறகு யாரும் பேசி நான் பார்த்ததில்லை. முதல் நாள் என் கைக்கடிகாரப்படி முப்பத்தெட்டு நிமிடம் ஆனது.

அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், எனக்கு ஐம்பது கடந்திருந்தது. கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கண்டி நகரின் வடக்குப் பக்கம், ஆற்றுக்குப் போகிற வழியில், ஒரு டயர் கடையில் வீல் பெலன்ஸ் செய்துகொண்டிருந்தார். வாரக் கடைசிகளில் கல்யாண வீடுகளில் பேஸ் வாசிப்பார். நான் அந்த நாட்களில் ஒரு பத்திரிகையின் கண்டி நிருபர். அலுவலக வேனின் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று அந்தக் கடைக்குப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். சக்கரத்தை இயந்திரத்தில் பூட்டிச் சுழற்றினார். இரண்டு பக்கமும் பூச்சியம் காட்டியது. அவர் சக்கரத்தைக் கழற்றவில்லை. மறுபடி சுழற்றிவிட்டு, இயந்திரத்தின் தண்டருகே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சீரோ காட்டுதே?" என்றேன்.

"மெஷின் சீரோ காட்டுது அண்ணே. வண்டி ஓடப்போறது ரோட்டுலல்ல?"

பத்துக் கிராம் ஈய வில்லை ஒன்றை எடுத்து விளிம்பில் ஒட்டினார். பணம் வாங்கும்போது தந்தி அழுத்திக் காய்த்துப்போன என் இடது கை விரல் நுனிகளைப் பார்த்தார். "பேஸ் வாசிக்கிறீங்களா?" என்று கேட்டார். முப்பது வருடங்களாக ஊராரைக் கவனித்து எழுதிப் பிழைத்த என்னை ஒருவர் கவனித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அது இறக்குமதித் தடை இருந்த காலம். புதிய கிட்டார்கள் நாட்டுக்குள் வரவில்லை. மாலைதீவிலும் வளைகுடாவிலும் ஹோட்டல்களில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் கூடவே கொண்டுவந்த உயர்ந்த ரகக் கருவிகள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. ஒரு பேஸ் கைமாறும்போது, வாங்குபவரோ விற்பவரோ யாராவது ஒருவர் அவரைக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகு வருந்தியவர்களும் உண்டு.

அவர் தேடியதை அவரே ஊமை என்பார். எந்த பேஸிலும் ஏதோ ஓரிடத்தில் தந்தியின் அதிர்வைக் கழுத்து மரம் தனக்கென்று இழுத்துக்கொள்கிறது. பக்கத்துச் சுரங்கள் பத்து விநாடி நிற்கும்போது அது மூன்று விநாடியில் விழுந்துவிடும். விலை உயர்ந்ததற்கும் இது உண்டு. பெரும்பாலும் மிக மெல்லியதான முதல் தந்தியில், ஐந்துக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட ஃபிரெட்டில் இருக்கும். வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் ஆயுள் முழுக்க அதைத் தங்கள் விரலின் குறை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

"ஊமை இல்லாத பேஸ் நான் பாத்ததில்ல அண்ணே," என்பார். "எது நல்லதுன்னு தேடக்கூடாது. எந்த ஊமையோட குடும்பம் நடத்தலாம்னு பாக்கணும்."

ஒரு பல் வைத்தியர் அமெரிக்காவில் கையால் செய்த பேஸ் ஒன்றை வாங்கியிருந்தார். புலித்தோல் போல வரியோடிய மரம். வாங்கிய பிறகுதான் இவரைக் கூப்பிட்டார், பாராட்டு வாங்குவதற்கு. நானும் போயிருந்தேன். நூற்றிருபத்தைந்தையும் கேட்டுவிட்டு, "அஞ்சாவதுல ஊமை சார்," என்றார் இவர்.

"இது கையால செஞ்ச சாமான் தெரியுமா?"

"கை நல்லாத்தான் சார் செஞ்சிருக்கு. மரம் அந்த இடத்துல பேசமாட்டேங்குது. உங்க பாட்டுக்காரர் எந்தக் கட்டையில பாடுவாரு?"

"பாட்டுக்காரர் யாரும் இல்ல. நான் வீட்டில தனியா வாசிக்கிறவன்."

"அப்ப உங்களுக்கு இதவிட நல்லது கிடைக்காது சார். அந்தப் பக்கம் போகாம இருந்துட்டா யாரு கேக்கப்போறா?"

வைத்தியர் சிரிக்க ஒரு நிமிடம் எடுத்தார். பிறகு நன்றாகவே சிரித்தார்.

இன்னொரு முறை ஒரு துணிக்கடை முதலாளி தன் மகனுக்காக பேஸ் பார்க்க இவரை அழைத்துப் போனார். விற்பவர் கம்பளைக்காரர். வேண்டாத ஒரு பொருளைத் தள்ளிவிடுகிறவர் போலப் பேசிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்த இவர், விற்பவரைப் பார்த்து, "இது என்னன்னு தெரிஞ்சுதான் விக்கிறீங்களா? இந்தச் செட்டு இப்ப செய்றதில்ல. தந்திக்குக் கீழ உள்ள பிக்கப் ரெண்டும் பழசு, யாரும் மாத்தல. யோசிச்சுக்குங்க," என்றார். முதலாளி வெளியே வந்ததும் வெடித்தார்.

"டேய், நீ யாருடைய ஆளு?"

"சாமானோட ஆளு முதலாளி."

முதலாளி இதை என்னிடம் கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது அவர் குரலில் கோபம் இல்லை. அந்த பேஸை அவர் கடைசியில் வாங்கினார், விற்பவர் கேட்ட புது விலைக்கே. "அவன் சொன்ன பிறகு எப்படி வாங்காம விடுறது?" என்றார்.

இவர் சொந்தமாக வாசித்தது ஒட்டுப்பலகையில் செய்த நான்கு தந்திக் கருவி. அதில் மூன்று இடம் ஊமை. ஒருமுறை பேராதனையில் ஒரு கல்யாணத்தில் மேடைக்குப் பக்கத்தில் நின்று கவனித்தேன். அவருடைய விரல்கள் அந்த மூன்று இடத்தையும் சுற்றிக்கொண்டு போயின. ஒரு சுரத்துக்காக வேறு தந்திக்குத் தாவி, அடுத்ததுக்குத் திரும்பி வந்தன. கேட்டுக்கொண்டிருந்த நானூறு பேரில் ஒருவருக்கும் அந்த மூன்று குழிகள் தெரியவில்லை. நல்ல பேஸ் ஒன்று அவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு நினைத்தேன். அதே ஆசை அவருக்கும் இருந்தது என்பதும், அந்த ஆசைக்கு ஒரு குறிப்பிட்ட பேஸ் இருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பத்திரிகை தன் கண்டி அலுவலகத்தை மூடியது. என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் சின்னக் குழுவுக்கு ஒரு ஹோட்டலில் வெள்ளி, சனி இரண்டு நாளும் இடம் கிடைத்தது. அதுவரை பொழுதுபோக்கு, இனிமேல் அதுதான் சம்பாத்தியம். என் பழைய பேஸின் கழுத்து முறுகிவிட்டது. விலை உயர்ந்த ஒன்றை என் வாழ்க்கையில் ஒரு தடவைதான் வாங்க முடியும், அது தவறிப்போகக்கூடாது. விற்பனைக்கு இரண்டு இருந்தன. ஒன்று பேராதனையில் ஒரு விரிவுரையாளர் வீட்டில், மற்றது கலகெதரவில், வளைகுடாவில் இருபது வருடம் வாசித்துத் திரும்பிய, எல்லோரும் நானா என்று அழைக்கும் ஒரு முஸ்லிம் பெரியவரிடம். இவரைக் கூப்பிட்டேன். இரண்டு ஊர்ப் பெயரையும் சொன்னதும், கலகெதரவில் யார் வீடு என்று மட்டும் கேட்டார். பிறகு, "ஞாயித்துக்கிழம வர்றேன் அண்ணே," என்றார்.

ஞாயிறு காலை கண்டி பஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்ததும் முதல் காரியமாகச் சொன்னார். "ஒன்னு சொல்லிடணும். கலகெதர பேஸ நான் மூணு வருஷமா பாத்து வச்சிருக்கேன். மாசம் ஒரு தடவ போய்க் கேட்டுட்டு வருவேன். வாங்கணும்னு."

"அப்ப ஏன் வந்தீங்க தம்பி?"

"கூப்பிட்டீங்களே."

நான் கலகெதரவை விட்டுவிடுவோம் என்றேன். இல்லை என்று தலையாட்டினார். "நான் வாங்குற வரைக்கும் அது அலுமாரிக்குள்ளயே கிடக்கணும்னு நினைக்கிறது நல்ல நினைப்பாண்ணே? நானாவும் எத்தன நாளைக்கு வச்சுக்கிட்டு இருப்பாரு. போவோம். ஆனா இன்னைக்கு என் பேச்ச முழுசா நம்பாதீங்க. அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க."

விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், குடும்பத்தோடு வெளிநாடு போக இருந்தார். வீடு முழுக்கப் பெட்டிகள். "வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டபடியே பேஸை எடுத்து வந்தார். அமெரிக்கக் கருவி. எடை குறைவு. தேன் நிறத்தில், விளிம்பில் மட்டும் கறுத்து, பார்த்த கணத்திலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. இவர் காதை வைத்தார். நாங்கள் வாய் மூடி இருந்தோம். ஐந்தாவது ஃபிரெட்டில், முதல் தந்தியில், விழுந்தது. அது சி என்ற சுரம். எங்கள் குழுவின் பாடகி பாதிப் பாட்டுகளை சி கட்டையில்தான் பாடுவார்.

இவர் சட்டைப் பையிலிருந்து ஈய வில்லை ஒன்றை எடுத்தார், டயர் கடையில் சக்கரத்துக்கு ஒட்டுவது. அதைக் கிட்டாரின் தலைப்பகுதியில் ஒட்டி மறுபடி மீட்டினார். இப்போது சி நின்றது. ஊமை ஒரு ஃபிரெட் கீழே, பி சுரத்துக்கு இறங்கியிருந்தது. கழுத்தின் எடை கூடினால் அது இறங்கும் என்றார்.

"உதென்ன, கார்ச் சில்லுக்குப் போடுறதெல்லோ?" என்றார் விரிவுரையாளர்.

"ஆமா சார். நடுக்கம் எல்லாம் ஒரே சாதிதான்."

நான் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம், நிருபர் வேலையில் யாருக்கு என்ன லாபம் என்றுதான் முதலில் பார்ப்போம். எந்த பேஸையும் இவர் திருத்தி நான் பார்த்ததில்லை. இருப்பதை இருக்கிறபடி சொல்வதோடு சரி. இன்று இந்த பேஸுக்கு மட்டும் கை கொடுக்கிறார். இதை நான் வாங்கினால் மற்றது அலுமாரியிலேயே இருக்கும். அந்த எண்ணம் எனக்குள் முழுதாக உருவாகும் முன்பே அவர் வில்லையைப் பிய்த்து எடுத்தார்.

"தப்பு பண்ணிட்டேன் அண்ணே," என்றார், விரிவுரையாளர் முன்னாலேயே. "இதுக்கு உதவி பண்ணிட்டேன். ஏன் பண்ணேன்னு எனக்கே தெரியும். வெயிட் இல்லாம எப்படியோ அப்படியே வச்சுப் பாருங்க. இல்லாட்டி அங்கயும் போட்டுப் பாக்கணும்."

விரிவுரையாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு முகம் சுட்டது.

கலகெதரவில் இறங்கி வீட்டு வாசலுக்குப் போனபோது நானா வெளியே வந்து, என்னைத் தாண்டி இவரிடம், "இன்டக்கி எடுத்துட்டுத்தான் போறதா?" என்றார்.

"நான் இல்ல நானா. அண்ணன் பாக்க வந்திருக்காரு."

நானா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ளுக்கு வாங்க," என்றார். அலுமாரியைத் திறந்து பேஸை எடுத்து மேசையில் வைத்தார். ஜெர்மன் கருவி. வார்னிஷ் கிடையாது, மெழுகு மட்டும் தடவிய கறுப்பு மரம். கனம். அழகென்று சொல்ல எதுவும் இல்லை.

இவர் அதைத் தொடவில்லை. "இதுல ஊமை எங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார் என்னிடம். "சொன்னா, உங்கள விலக்கிவிடச் சொல்றேன்னு ஆயிடும். சொல்லாட்டி, மறச்சதா ஆயிடும். எப்படிப் போனாலும் கோணல்." பஸ் டிக்கெட்டை எடுத்து, பின்பக்கத்தில் பேனாவால் ஏதோ எழுதி, நான்காக மடித்து நானாவின் சட்டைப் பையில் வைத்தார். "அண்ணே, நீங்களே கேளுங்க. எல்லாத்தையும் கேளுங்க. அப்புறம் நானா பிரிச்சுப் படிக்கட்டும்."

"இது என்ன, பரீட்சையா?" என்றார் நானா.

"எனக்கு நானா."

கொம்பில் காதை வைத்தேன். முதல் இருபது சுரத்துக்கு என் மூச்சுத்தான் கேட்டது. பிறகு மரம் கேட்கத் தொடங்கியது. சுரம் முடிகிறது என்று நான் அதுவரை நினைத்திருந்த இடத்துக்குப் பிறகும் அது போய்க்கொண்டிருந்தது. மெலிந்து, நிறம் மாறி, அறையின் அமைதியோடு சேர்கிற அந்த எல்லையை முப்பது வருடம் வாசித்தும் நான் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. இந்த மனிதர் இதைப் பார்க்கத்தான் மாதாமாதம் பஸ் ஏறி வந்திருக்கிறார். கடைசியாக முதல் தந்திக்கு வந்தேன். ஆறாவதில் விழுந்தது. மறுபடி மீட்டினேன். விழுந்தது.

"முதல் தந்தி. ஆறு," என்றேன்.

நானா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிக்கெட்டை வாசித்தார். "முதல் தந்தி, ஆறு. ஏழுலயும் கொஞ்சம். வெயிட் போட்டா அஞ்சுக்கு வரும், போட வேணாம்."

"ஏழு எனக்குக் கேக்கல," என்றேன்.

"எனக்கும் சில நாள் கேக்காது," என்றார் இவர்.

ஆறாவது என்றால் சி ஷார்ப். எங்கள் பாடகியின் பாட்டுகளில் அது வருவதே அபூர்வம். கணக்கு முடிந்துவிட்டது. என் வேலைக்கு இதுதான். இருந்தும், பேராதனைக் கருவியும் மோசமில்லை, வில்லை ஒட்டிக்கொண்டால் சமாளிக்கலாம் என்று சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை மனதில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எனக்காக ஒரு முடிவு எடுத்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுடும் அண்ணே. உங்க மூஞ்சியில இல்ல. வெள்ளிக்கிழம ஹோட்டல்ல கேக்கும்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு ஒன்னு இருக்குல்ல. மூணு ஊமையோட. பழகின குடும்பம்."

நானா சிரித்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு, இதையே எடுக்கிறேன் என்றேன். பேச்சு முடிந்து, நான் பேஸைப் பையில் வைக்கப் போனபோது நானா தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க. இவரு மூணு வருசமா வாறாரு. காத வச்சிக் கேக்கிறதோட சரி, ஒரு பாட்டு வாசிச்சது இல்ல. ஏன்டு கேட்டா சிரிப்பாரு."

"வாசிச்சா விட்டுட்டுப் போக முடியாது நானா."

"இப்ப விட்டுட்டுத்தானே போறீங்க. வாசிங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "இப்ப இது உங்க சாமான். வாசிக்கலாமா?"

தலையாட்டினேன். நானா மூலையிலிருந்த சிறிய அம்ப்ளிஃபயரை இழுத்து வந்து இணைத்தார். இவர் எழுந்து நின்று பேஸை மாட்டிக்கொண்டார். கையை உடனே வைக்கவில்லை. தோளில் அதன் கனம் அமரும்வரை நின்றார்.

பாட்டென்று அதற்குப் பெயர் கிடையாது. தாழ்ந்த தந்தியில் மெதுவான ஒரு நடை, நான்கு சுரம் மேலே ஏறி இரண்டு இறங்குவது. ஒவ்வொரு சுரமும் அதன் அளவுக்கு நின்றது. ஒன்றின் முடிவை இன்னொன்று மிதிக்கவில்லை. அவர் சி ஷார்ப்பில்தான் தொடங்கியிருக்கிறார் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. இந்த பேஸில் யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாத கட்டை. விரல்கள் முதல் தந்திக்கு ஏறின. கல்யாண மேடையில் பார்த்ததைப் போல அவை சுற்றிப்போகும் என்று எதிர்பார்த்தேன். நேராக ஆறாவதுக்குப் போயின. சுரம் எழுந்தது, விழுந்தது. அது விழுந்த இடத்தில் அவர் வேறு எதையும் வைக்கவில்லை. மற்றவை நின்ற அளவுக்கு அந்த வெறுமையையும் நிற்கவிட்டார். பிறகு கீழே இறங்கி வந்தார். மறுபடி ஏறினார், மறுபடி அங்கேயே போனார். மூன்றாவது தடவை அந்த வெறுமை வரப்போகிறது என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது, நான் அதற்காகக் காத்திருந்தேன். அது வந்தபோது அந்த அறையில் கேட்ட எல்லாவற்றிலும் அதுதான் பெரிதாக இருந்தது. திரைக்குப் பின்னால் சமையலறையில் யாரோ தண்ணீர்க் குழாயை மூடினார்கள். நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் குறித்துக்கொள்ளவில்லை.

முடித்ததும் சட்டைத் துணியால் தந்திகளைத் துடைத்தார், ஐந்தையும் தனித்தனியாக. பேஸை என்னிடம் தந்துவிட்டு, "மழைக்கு முன்னாடி பஸ்ஸப் புடிப்போம் அண்ணே," என்றார்.

எட்டு மாதம் கழித்து அவர் கட்டார் நாட்டுக்கு டயர் வேலைக்குப் போனார். சில காலம் பேசிக்கொண்டோம், பிறகு எண் மாறிவிட்டது. நான் வெள்ளியும் சனியும் ஹோட்டலில் வாசிக்கிறேன். கருவி என்னைக் கைவிட்டதில்லை. எங்கள் பாட்டுகள் எதிலும் ஆறாவதுக்குப் போக வேண்டி வருவதில்லை.

வீட்டில் யாரும் இல்லாத பகல்களில் அன்றைக்கு அவர் வாசித்ததை நானும் வாசித்துப் பார்ப்பேன். நடை வருகிறது, ஏற்றம் வருகிறது, இறக்கமும் வருகிறது. ஆறாவதில் விரலை வைக்கிறேன். சுரம் விழுகிறது. அந்த இடத்தை நிற்கவிட என்னால் முடிவதில்லை. அதற்குள் அடுத்த சுரத்தை வைத்துவிடுகிறேன்.